கைப்பேசிக்குள் ஒரு குழாயடிச் சண்டை



ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் காலத்து ஊர் வாய்க்கும் ஓர் எல்லை இருந்தது. தோட்டத்து லயத்தில், குழாயடியில் சண்டை மூளும். ஒருவர் ஏசுவார், மற்றவர் பதிலுக்கு ஏசுவார். குடம் நிரம்பியதும் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனால் வேலையும் வெயிலும் பாதிச் சண்டையை மறக்கடித்துவிடும். மீதிப் பாதியைக் கோயில் திருவிழா தீர்த்து வைக்கும். தோரணம் கட்ட இருவரும் ஒரே பந்தலுக்குத்தானே வந்தாக வேண்டும்!

இன்றைய சண்டை குழாயடியில் நடப்பதில்லை. நம் பிள்ளையின் சட்டைப்பைக்குள் நடக்கிறது. அங்கே குடம் நிரம்புவதே இல்லை. கூட்டம் கலைவதும் இல்லை. பள்ளி விட்டு வந்தாலும் ஏச்சு கூடவே வருகிறது. பாயை விரித்துப் படுத்தாலும் தலையணை அருகில் கிடந்து முணுமுணுக்கிறது. ஏசுகிறவன் யார் என்பதும் தெரியாது. பார்த்துச் சிரிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கோ, பிள்ளை போர்வைக்குள் அழுகிறது என்பதுகூடத் தெரியாது.

இதற்கு இணையப் பகடிவதை என்று பெயர். இது பட்டணத்துப் பிள்ளைகளின் நோய், நம் தோட்டத்துக்கு வராது என்று நினைக்க வேண்டாம். ஜாசின் ஆனாலும் மெர்லிமாவ் ஆனாலும், அலோர் காஜா ஆனாலும் தெபோங் ஆனாலும், கைப்பேசி நுழைந்த வீட்டுக்குள் இதுவும் நுழையும்.

நம் வீடுகளுக்குக் கைப்பேசி எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசியில் வந்தது. கையில் காசு இருந்தவரும் வாங்கினார். இல்லாதவரும் தவணையில் வாங்கிக் கொடுத்தார். பிள்ளையின் படிப்பு கெடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். பிறகு பள்ளி திறந்தது. வாங்கிய கைப்பேசி வீட்டிலேயே தங்கிவிட்டது. பாடம் சொல்லிக் கொடுக்க வந்த கருவி, விளையாட்டும் சொன்னது, வம்பும் சொன்னது. அதை எப்படிக் கையாள்வது என்று மட்டும் நம் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

எது கேலி, எது வதை?

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது இயல்பு. கேலி செய்தவனும் செய்யப்பட்டவனும் சேர்ந்து சிரித்தால் அது விளையாட்டு. ஒருவன் மட்டும் அழுது, நிறுத்தச் சொல்லியும் மற்றவர்கள் நிறுத்தாவிட்டால் அது வதை. இந்த ஒரு வேறுபாட்டை வீட்டில் சொல்லிக் கொடுத்தாலே போதும். பாதி வேலை முடிந்தது.

வதை பல வேடங்களில் வரும். கறுப்பு நிறத்தைச் சொல்லி, பருத்த உடம்பைச் சொல்லி, சாதியைச் சொல்லி, அப்பா செய்யும் வேலையைச் சொல்லி எழுதுவது ஒன்று. பிள்ளையின் படத்தை எடுத்துக் கோமாளியாக மாற்றி, வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகச் செய்து வகுப்பு முழுவதும் அனுப்புவது இன்னொன்று. பொய்யான பெயரில் கணக்குத் திறந்து வதந்தி பரப்புவதும் உண்டு. ஒருத்தியை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாரும் புதிய குழு தொடங்கி, அதில் அவளைப் பற்றியே பேசுவதும் உண்டு. இவற்றில் கைகலப்பு இல்லை, காயம் இல்லை. அதனால்தான் பெரியவர்கள் இதை அற்பமாக நினைத்து விடுகிறோம்.

2019-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப், 30 நாடுகளில் 13 முதல் 24 வயது வரையிலான 1,70,000-க்கும் அதிகமான இளையோரிடம் கருத்துக் கேட்டது. அந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மூவரில் ஒருவர் தாம் இணையத்தில் பகடிவதைக்கு ஆளானதாகச் சொன்னார். ஐவரில் ஒருவர் அதனால் பள்ளிக்கே போகாமல் நின்றதாகச் சொன்னார். வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளையை அதட்டுவதற்கு முன், இந்தக் கணக்கை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வெள்ளி அபராதம்

நம் சமூகத்துக்கு இந்த உண்மை உறைத்தது 2024 ஜூலையில்தான். ஏஷா என்ற பெயரில் டிக்டாக்கில் பலருக்கும் அறிமுகமாகியிருந்த ராஜேஸ்வரி, அம்மாதம் 5-ஆம் தேதி கோலாலம்பூரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நம் இனத்துப் பெண். வாழ வேண்டிய வயது. டிக்டாக்கில் அவரைக் கேவலமாகப் பேசினார்கள்; மிரட்டினார்கள். அதைத் தாங்காமல் அவர் போலீசிலும் புகார் செய்திருந்தார். அவரை ஏசியவர்களில் நம் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள் என்பதுதான் நம்மைத் தலைகுனிய வைக்கும் செய்தி.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்தது 100 வெள்ளி அபராதம். நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-வது பிரிவில் வருவது. அந்தப் பிரிவில் அதற்குமேல் அபராதம் விதிக்க இடமில்லை. தெருவில் நின்று கூச்சல் போடுகிறவனுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. குழாயடிச் சண்டைக்காக எழுதியதைக் கைப்பேசிச் சண்டைக்கும் பயன்படுத்த வேண்டியிருந்தது.

வேறொரு பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு ஏஷாவை இழிவுபடுத்திய ஒரு லாரி ஓட்டுநருக்கு, தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் ஓராண்டுச் சிறை கிடைத்தது. முகம் தெரியாத கணக்கின் பின்னே ஒளிந்திருந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்தார்கள்; சிறைக்கும் அனுப்பினார்கள்.

சட்டம் மாறியது

நூறு வெள்ளித் தீர்ப்பைக் கேட்டு நாடே கொதித்தது. அதன் பலனாகத் தண்டனைச் சட்டத்தில் 507B முதல் 507G வரையில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 2024 டிசம்பரில் மக்களவை அவற்றை ஏற்றது. 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் உள்ளன.

ஒருவரை மன உளைச்சலுக்கு ஆளாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மிரட்டும் சொல், இழிவான சொல், அவமதிக்கும் சொல்லைப் பயன்படுத்தினால் இனி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஒருவருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்களை அவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு ஊருக்கெல்லாம் பரப்பினாலும் அவ்வாறே. ஒருவரைத் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளத் தூண்டி, அதனால் அவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ, மாய்த்துக்கொள்ள முயன்றாலோ, தூண்டியவருக்கு 10 ஆண்டு வரை சிறை. நேரில் பேசினாலும் கைப்பேசியில் எழுதினாலும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

"சின்னப் பிள்ளைதானே, விளையாட்டாகச் செய்துவிட்டான்" என்று சில பெற்றோர் சொல்வதுண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத்தான் நம் தண்டனைச் சட்டம் முழு விலக்கு அளிக்கிறது. அந்த வயதைத் தாண்டியவர்கள் சிறார் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். வதைக்கப்படும் பிள்ளையின் பெற்றோர் மட்டுமன்றி, வதைக்கும் பிள்ளையின் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

சட்டம் வந்துவிட்டது, சரி. ஆனால் வீட்டுக்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால் சட்டம் என்ன செய்யும்? போலீஸ்காரர் நம் போர்வைக்குள் வந்து பார்ப்பாரா?

பிள்ளைகள் சொல்லாததற்குக் காரணங்களை வகுப்பறையில் அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். முதற்காரணம், "சொன்னால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வார், சார்" என்பது. அடிபட்டவன் பிள்ளை, தண்டனையும் பிள்ளைக்கே! இரண்டாவது, "நீ என்ன செய்தாய், சும்மாவா எழுதுவார்கள்?" என்ற கேள்விக்குப் பயம். மூன்றாவது, அப்பா கோபத்தில் எதிர்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போய்விடுவார் என்ற அச்சம். நான்காவதுதான் மனத்தை உருக்குவது: "அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறார்கள், நாம் வேறு ஏன் கஷ்டம் கொடுக்க வேண்டும்?"

பெற்றோர்களே, பிள்ளை வந்து சொல்லும் அந்த முதல் ஐந்து நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நாம் கத்தினால், அடுத்த முறை பிள்ளை நம்மிடம் வராது. கத்தாமல் கேட்டால், எவ்வளவு பெரிய இடியும் பாதியாகக் குறைந்துவிடும். "நல்லவேளை, என்னிடம் சொன்னாய். உன்மேல் தப்பில்லை. சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லப் படிப்பு வேண்டியதில்லை. டிக்டாக் எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிய வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளுக்கு

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

யாராவது உங்களைக் கேவலமாக எழுதினால், உடனே பதில் எழுதாதீர்கள். கை துடிக்கும்; தெரியும். ஆனால் எதிரி எதிர்பார்ப்பது அந்தப் பதிலைத்தான். நீங்கள் கோபத்தில் எழுதிய ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, நீங்கள்தான் வம்புக்கு இழுத்தீர்கள் என்று ஊருக்குக் காட்டுவான்.

அடுத்து, சாட்சியைக் காப்பாற்றுங்கள். வெட்கத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் பலரும் செய்வது. அழித்துவிட்டால் போலீசிடம் எதைக் காட்டுவீர்கள்? ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுதியவனின் கணக்குப் பெயர், தேதி, நேரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். அவனுடைய கணக்கின் லிங்கையும் குறித்து வையுங்கள். குரல் செய்தி வந்திருந்தால் அதையும் அழிக்காதீர்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு அவனை பிளாக் செய்யுங்கள். முதலில் சாட்சி, பிறகு பிளாக். இந்த வரிசை முக்கியம். அந்தச் செயலியிலேயே புகார் செய்யும் வசதியும் உண்டு, அதையும் பயன்படுத்துங்கள்.

பிறகு பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மா, அக்காள், மாமா, வகுப்பாசிரியர், பள்ளியின் ஆலோசக ஆசிரியர் யாராக இருந்தாலும் சரி. முதல் ஆள் காது கொடுக்காவிட்டால் இரண்டாவது ஆளிடம் போங்கள். இரண்டாமவரும் கேட்காவிட்டால் மூன்றாமவர். விட்டுவிடாதீர்கள்.

படத்தைக் காட்டி மிரட்டுவது தனி வகை. அன்பாகப் பேசி ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, "இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் காட்டுவேன்" என்று மிரட்டுவார்கள். கனடாவில் அமாண்டா டோட் என்ற 15 வயதுப் பெண்ணுக்கு இதுதான் நடந்தது. பள்ளி மாறினாள், மிரட்டல் அவளைத் தொடர்ந்தது. 2012 அக்டோபரில் அந்தப் பிள்ளையை அவள் பெற்றோர் இழந்தார்கள். மிரட்டியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தான். ஆனாலும் பத்து ஆண்டு கழித்து, 2022-இல், கனடா நீதிமன்றம் அவனுக்கு 13 ஆண்டுச் சிறை விதித்தது.

இப்படி ஒரு மிரட்டல் வந்தால் பணமும் கொடுக்காதீர்கள். இரண்டாவது படமும் அனுப்பாதீர்கள். ஒன்று கொடுத்தால் இன்னொன்று கேட்பான். அதற்கு முடிவே இல்லை. மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு உடனே போலீஸ் நிலையம் போங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரிடம் ஆபாசப் படம் கேட்பது, 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி குற்றம். குற்றவாளி கேட்டவன்தான், பயந்துபோய் அனுப்பிய பிள்ளை அல்ல. அப்படிப்பட்ட படம் யார் மூலமாவது உங்கள் கைப்பேசிக்கு வந்தாலோ, வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு

வதைக்கிறவன் ஒருவன், வதைபடுகிறவன் ஒருவன். மீதி முப்பது பேர் என்ன செய்கிறார்கள்? சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்புகிறார்கள். அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறார்கள். மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்த கதைதான். "நான் ஒன்றும் எழுதவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினேன்" என்று பிறகு சொல்வார்கள்.

ஒன்று யோசியுங்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டால் கூத்து நடக்குமா? முப்பது பேரில் ஐந்து பேர் கைதட்டாமல் இருந்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். ஒருவர் துணிந்து, "போதும்டா, நிறுத்து" என்று எழுதினால் இன்னும் விரைவாக அடங்கும். அந்தத் துணிவும் இல்லையா? பரவாயில்லை. வதைபடும் தோழிக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள்: "நான் உன் பக்கம் இருக்கிறேன்." ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்பது, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் பெரியவர்களாகிய நாமும் சளைத்தவர்கள் அல்லர். கோயில் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வதைப் பிள்ளைகள் பார்க்கவில்லையா? ஓடிப்போன பெண்ணின் படத்தை உறவினர் குழுவில் நாம் தள்ளிவிடவில்லையா? நாம் விதைத்ததைத்தான் பிள்ளைகள் அறுக்கிறார்கள்.

எங்கே போவது?

நேரில் செல்ல வேண்டிய இடம், அருகிலுள்ள போலீஸ் நிலையம். அடையாள அட்டை, கைப்பேசி, முடிந்தால் ஸ்கிரீன்ஷாட்டின் அச்சுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். மலாய் எழுதத் தடுமாறுகிறவர்கள் படித்த பிள்ளை ஒருவரையோ ஆசிரியர் ஒருவரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். புகார் எழுதி முடித்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் 1-800-188-030 என்ற எண்ணில் முறையிடலாம். சைபர் 999 சேவையின் எண் 1-300-88-2999.

மனம் நொந்து போயிருக்கும் பிள்ளைக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களையும் 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். சொல்வதை வெளியே சொல்லமாட்டார்கள். "செத்துப் போகலாம் போலிருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, உடனே உதவி தேடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயம் இனி யாருக்கும் வேண்டாம்.

இன்று இரவே ஒன்று செய்யலாம்

கைப்பேசியை ஒரேயடியாகப் பிடுங்கி வைப்பது வழியாகாது. படிப்புக்கும் அது வேண்டும். நாளைய பிழைப்புக்கும் வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒரு முறை வகுக்கலாம். டிக்டாக், முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்குத் திறக்கவே குறைந்தபட்ச வயது வரம்பு உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய் வயது போட்டுக் கணக்குத் திறந்து தராதீர்கள். இரவு பத்து மணிக்குமேல் எல்லாருடைய கைப்பேசியும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான், சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ சமையற்கட்டு அலமாரியிலோ இருக்கட்டும். அந்த ஏழு மணி நேரமாவது பிள்ளையின் தூக்கத்துக்குக் காவல் கிடைக்கும்.

இந்தக் கட்டுரையை மூடி வைத்ததும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "யாராவது உன்னை அழவைக்கிற மாதிரி போனில் எழுதினால் என்கிட்டே சொல்லு, கண்ணு. உன்னை ஏசமாட்டேன், உன் போனையும் பிடுங்கமாட்டேன்." சொன்னால் மட்டும் போதாது. பிள்ளை ஒரு நாள் வந்து நிற்கும்போது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.